சமூக மன்றத்தில் சீன நாட்டுப்புற இசை: எட்டு வாத்தியம், ஒரு மணி நேரம், எப்படி அமைப்பது?

கேள்வி: புளோக்12_வாசி

வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் சீன நாட்டுப்புற இசை நிகழ்ச்சி ஒன்றைச் சிறிய அளவில் நடத்த வேண்டும். குழுவில் எட்டுப் பேர், எல்லாரும் பொழுதுபோக்காக வாசிப்பவர்கள். டிஸி (மூங்கில் குழல்), ஷெங் (பல குழாய்கள் கொண்ட ஊதுவாத்தியம்), எர்ஹு (இரண்டு கம்பி வில் வாத்தியம்) இரண்டு, பிபா (நாலு கம்பியை மீட்டும் வாத்தியம்), சான்ஷியன் (மூன்று கம்பியை மீட்டும் வாத்தியம்), யாங்சின் (குச்சியால் தட்டும் கம்பி வாத்தியம்), தாளத்துக்கு ஒருவர். இவர்களோடு குசெங் (கிடத்தி மீட்டும் பல கம்பி வாத்தியம்) வாசிக்கும் ஒரு பெண்ணும் சேர விரும்புகிறார்.

இடம் பல்நோக்கு மண்டபம், 120 நாற்காலி போடலாம். 60 நிமிடம், இடைவேளை கிடையாது. வருபவர்களில் பாதிப் பேர் சீன முதியவர்கள். மீதி தமிழ், மலாய்க் குடும்பங்கள், நிறையப் பிள்ளைகள்.

என்ன உருப்படிகள், எந்த வரிசையில்? மேடையில் வைப்பதா, தரையிலா? ஆளுக்கொரு மைக் தேவையா? குளிர்சாதனத்தில் சுருதி நிற்குமா? தமிழில் ஒரு பக்க அறிமுகத் தாள் கொடுக்கலாம் என்றும் யோசனை, அதில் என்ன எழுதினால் நம்மவர்களுக்குப் புரியும்?

---

மேசையோரம்

உங்கள் வாத்தியப் பட்டியலைப் பார்த்தால் இது ஜியாங்னான் ஸிஜு குழு. ஸி என்றால் பட்டு, ஜு என்றால் மூங்கில். முன்பு கம்பிகளைப் பட்டு நூலில் முறுக்குவார்கள், குழல்கள் மூங்கிலில் ஆனவை, பெயர் அங்கிருந்து வந்தது. யாங்சி ஆற்றின் தென்கரை, அதாவது ஷாங்காய், சுஜோ, ஹாங்ஜோ பக்கத்து இசை. தேநீர் இல்லத்தில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கேட்க யாராவது இருக்கிறார்களா என்று பார்க்காமல், தங்களுக்குள் வாசித்துக்கொள்வது வழக்கம். ஷாங்காயில் யூ தோட்டத்தை ஒட்டிக் குளத்து நடுவே நிற்கும் ஹுஸின்டிங் தேநீர் இல்லம் இதற்குப் பேர்போன இடம். 2006இல் சீனா தன் தேசிய மரபுப் பட்டியலில் இதைச் சேர்த்தது.

அந்த மேசையை மறந்துவிட்டால் நிகழ்ச்சி கெட்டுவிடும். நடத்துனர் கிடையாது. எட்டுப் பேரும் வாசிப்பது ஒரே மெட்டு, ஆனால் ஒருவர் வாசிப்பதுபோல் இன்னொருவர் வாசிக்க மாட்டார். டிஸி துள்ளித் துள்ளிச் சுரங்களை நிரப்பும்போது எர்ஹு நீட்டிப் பிடிக்கும். எர்ஹு வளைந்து நெளியும்போது பிபா இரண்டு தட்டோடு ஒதுங்கிக்கொள்ளும். விட்டுக்கொடுப்பதுதான் இந்த இசையின் இலக்கணம். பொழுதுபோக்குக் குழுக்கள் சறுக்குவதும் இதில்தான். நிகழ்ச்சி என்று வந்துவிட்டால் எல்லோரும் எல்லாச் சுரத்தையும் முழுப் பலத்தோடு வாசிப்பார்கள், மெட்டு சேறாகிவிடும். ஒத்திகையில் ஒரு தடவையாவது மூன்று பேரை மட்டும் (டிஸி, ஒரு எர்ஹு, யாங்சின்) வாசிக்கச் சொல்லுங்கள், மற்றவர்கள் கேட்கட்டும். பிறகு ஒவ்வொருவராக உள்ளே வரட்டும். வந்தபின் எதுவும் கூடவில்லை என்றால் அவர் குறைத்து வாசிக்க வேண்டும் என்று பொருள்.

உருப்படிகள். ஸிஜுவில் ‘எட்டுப் பெரும் உருப்படிகள்’ என்று ஒரு தொகுப்பு உண்டு, அதிலிருந்து மூன்று எடுத்தால் போதும்.

தொடக்கம் ஹுவான்லே கெ. ‘மகிழ்ச்சிப் பாட்டு’ என்று பொருள். நிதானமாகத் தொடங்கி வேகம் பிடிக்கும், ஆறு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது ஜோங்ஹுவா லியுபான். இதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். இதன் மூல மெட்டு லாவ் லியுபான், குட்டி மெட்டு. அதை ஒரே ஒரு எர்ஹுவில், வேகமாக, பூச்சு எதுவும் இல்லாமல் வாசிக்கச் சொல்லுங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது. பிறகு எட்டுப் பேரும் ஜோங்ஹுவாவை வாசிக்கட்டும். மூல மெட்டின் ஒவ்வோர் அடியையும் இழுத்து நீட்டி, நீண்ட இடைவெளிகளில் புதுச் சுரங்களைப் பூப்போல் நிரப்பியது அது. இப்படி ஒரே மெட்டிலிருந்து படிப்படியாக நீண்ட ஐந்து வடிவங்களை ‘ஐந்து தலைமுறை ஒரே கூரையடியில்’ என்று அங்கே சொல்வார்கள். சௌக்க காலத்தில் சங்கதி போட்டுக் கேட்டுப் பழகிய காதுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆனால் மூல மெட்டை முதலில் கேட்காதவருக்கு ஜோங்ஹுவா வெறும் மெதுவான பாட்டு, பிள்ளைகள் நெளிய ஆரம்பித்துவிடுவார்கள்.

மூன்றாவதாக குசெங் தனி. அதைக் குழுவுக்குள் கொண்டுவராதீர்கள். ஸிஜு மேசையில் அதற்கு வழக்கமான இடம் இல்லை, அதன் நீண்ட அதிர்வு யாங்சினோடு மோதி எல்லாவற்றையும் மூடிவிடும். தனியாக காவ்ஷான் லியுஷுவெய், ‘உயர்ந்த மலை, ஓடும் நீர்’, வாசிக்கட்டும். பிறகு எர்ஹு தனி: லியூ தியான்ஹுவா 1928இல் சீனப் புத்தாண்டுக்கு முந்தின இரவில் எழுதிய லியாங்ஸியாவ். மூன்று நான்கு நிமிடம், இனிமையானது, மிதமான கை உள்ளவராலும் முடியும். ஐந்தாவது மொலிஹுவா, நம் மல்லிகைதான். சீன முதியவர்கள் தாமாகவே பாடுவார்கள், அதற்காக ஒரு சுற்று கூடுதலாக வாசியுங்கள். கடைசி ஸிங்ஜியே, ‘தெருவில் நடத்தல்’. கல்யாண ஊர்வலத்தோடு தொடர்புள்ள இசை. மெதுவில் தொடங்கி முடிவில் ஓட்டம்.

ஓட்டத்தில்தான் விபத்து. குபான்காரர் (தாளம் போடுபவர்) இடக்கையில் மரக்கட்டையும் வலக்கையில் சிறு முரசுக் குச்சியும் வைத்துக்கொண்டு வேகத்தை ஏற்றுவார், யாங்சின்காரரின் குச்சி பின்தங்கும். அதனால் எவ்வளவு வேகம் போகலாம் என்பதை யாங்சின், சான்ஷியன் இருவரையும் வைத்து முடிவு செய்து, கடைசிப் பகுதியை முதலில் அந்த வேகத்தில் வாசித்துப் பாருங்கள். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் தொடக்கம் எவ்வளவு மெதுவாக இருக்க வேண்டும் என்பது தானாக வரும்.

இசை மட்டும் ஏறக்குறைய 40 நிமிடம். பேச்சு பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மீதி சுருதிக்கும் கைதட்டலுக்கும்.

---

குழல்_சவ்வு

மேலே சொன்ன வரிசை சரி. சுருதியையும் வாத்தியங்களையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஷெங் எத்தனையில் கட்டியது என்று கேளுங்கள். ஏ என்ற மேற்கத்திய சுரம் 440 ஹெர்ட்ஸா, 442 ஹெர்ட்ஸா? ஷெங்கை மண்டபத்தில் வைத்துத் திருத்த முடியாது. ஒவ்வொரு குழாயிலும் உலோக நாக்கு, அதன்மேல் மெழுகுப் பொட்டு, அதைச் செதுக்கித்தான் சுருதி சேர்க்க முடியும். ஆகவே ஷெங் சொல்வதுதான் சட்டம். யாங்சின் வீட்டில் 440இல் சேர்த்துக் கொண்டுவந்து, ஷெங் 442 என்றால் எட்டு சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) வித்தியாசம். ஏதோ கசப்பாக இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், எது என்று பிடிபடாது. மொலிஹுவா மாதிரி நீட்டல் நிறைந்த மெட்டில் நன்றாகவே காட்டிக்கொடுக்கும்.

அன்றைய நேரக் கணக்கு: தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே குளிர்சாதனத்தை நிகழ்ச்சியின்போது இருக்கப்போகும் அளவில் போட்டுவிடுங்கள். வாத்தியப் பெட்டிகள் உள்ளே வந்து மூடி திறந்த நிலையில் அரை மணி நேரம் கிடக்கட்டும். வெளியே புழுக்கம், உள்ளே காய்ந்த குளிர். எர்ஹுவின் பாம்புத்தோல் வெளியே இருக்கும்போது தளர்ந்திருக்கும், உள்ளே இறுகும். முறுக்காணிகள் காய்ந்து வழுக்கும். தோல் பழகுவதற்குள் சுருதி சேர்த்தால் பத்து நிமிடத்தில் ஏறிவிடும். பிறகு யாங்சின். நூற்றுக்கும் மேற்பட்ட கம்பி, ஒரு சுரத்துக்கு மூன்று நான்கு கம்பி என்று ஒன்றாகச் சேர வேண்டும். ஒரு மணி நேரத்துக்குக் குறையாது, அந்த நேரத்தில் மற்றவர்கள் வாசித்துப் பழகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஆட்களை உள்ளே விட்டபின் மண்டபத்தின் வெப்பம் மாறும், அப்போது நடு ஸ்தாயியை மட்டும் ஒரு தடவை தொட்டுக்கொள்ளலாம்.

எர்ஹு இரண்டு கம்பியும் டி, ஏ. பிபா ஏ, டி, இ, ஏ. குசெங் 21 கம்பி, வழக்கமாக டியில் ஐந்து சுரமாகக் கட்டியிருக்கும். தனி உருப்படி ஜியில் இருந்தால் நான்கு ஸ்தாயியிலும் எஃப் ஷார்ப் கம்பியின் குதிரையை (கம்பியைத் தாங்கும் கட்டையை) மட்டும் வலப்பக்கம் கொஞ்சம் தள்ளி ஜிக்கு ஏற்ற வேண்டும், மொத்தம் நான்கு குதிரை. இதை மேடையில் எல்லோர் கண் முன்னே செய்யவிடாதீர்கள். குசெங் ஒரு உருப்படிதான் என்றால் முதலிலேயே அந்தச் சுருதியில் வைத்துவிட்டு யாரும் தொடாத இடத்தில் நிறுத்துங்கள். குதிரை ஒன்று சாய்ந்தால் கம்பி பெரிய சத்தத்தோடு தளர்ந்துவிடும்.

டிஸியில் ஊதும் துளைக்கும் விரல் துளைகளுக்கும் நடுவே ஒரு துளை, அதன்மேல் நாணல் தண்டின் உள்தோல் சவ்வு. அந்தக் கிணுகிணுப்பு அங்கிருந்துதான் வருகிறது. ஒட்டும் முறை: சவ்வைத் துளையைவிட எல்லாப் பக்கமும் கொஞ்சம் பெரிதாக வெட்டுங்கள். ஈர விரலால் கழுதைத்தோல் பசைக் கட்டியைத் தேய்த்துத் துளையைச் சுற்றி மெல்லப் பூசுங்கள். பசை இல்லாவிட்டால் பூண்டுப் பல்லை அறுத்துத் தேய்க்கலாம், அதுவும் பழைய வழக்கம்தான். சவ்வை வைத்து இரண்டு பக்கமும் லேசாக இழுத்தால் குழலுக்குக் குறுக்காக நுண்ணிய சுருக்கங்கள் நிற்க வேண்டும். சுருக்கமே இல்லாமல் விறைத்திருந்தால் ஒலி மெலிந்து மேல் சுரங்கள் மட்டும் கீச்சிடும், தொளதொளவென்றால் கீழ்ச் சுரங்கள் கரகரக்கும். குளிர்சாதனத்தில் சவ்வு காய்ந்து இறுகும் என்பதால் வழக்கத்தைவிடச் சற்றுத் தளர்வாக ஒட்டச் சொல்லுங்கள். சவ்வு ஒட்டித் தயாராக இன்னொரு டிஸி பக்கத்தில் இருக்கட்டும். நடுவில் கிழிந்து அதுவும் இல்லை என்றால் சாதாரண ஒளிபுகும் ஒட்டு நாடாவைத் துளைமேல் ஒட்டிவிட்டு வாசிக்கலாம். கிணுகிணுப்பு போகும், குழல் பேசும்.

குளிரில் டிஸி இறங்கும். நடுவிலுள்ள பித்தளைப் பூணை இழுத்தால் இன்னும்தான் இறங்கும், ஏற்ற வழியில்லை. எனவே பூண் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் திறந்த நிலையில் சுருதி சேர்கிறதா என்று ஒத்திகையிலேயே பாருங்கள், பிறகு ஏற்றுவதற்கு அந்த இடம் வேண்டும்.

ஷெங்குக்கு எதிரி மூச்சு ஈரம். நாக்கில் நீர் கோத்தால் சுரம் இறங்கும், சில சமயம் ஊமையாகும். கொஞ்சம் வெதுவெதுப்பாக வைத்திருந்தால் நீர் கோக்காது. ஆனால் முடி உலர்த்தியைக் கிட்டே பிடித்துச் சூடு காட்டும் ஆட்கள் இருக்கிறார்கள். மெழுகு இளகினால் அந்தச் சுரம் அன்றைக்கு அவ்வளவுதான்.

எர்ஹுவை உறையில் வைத்துத் தூக்கிவரும்போது கம்பிகளுக்கும் பெட்டி விளிம்புக்கும் நடுவே ஒரு துண்டுப் பென்சிலைச் செருகுங்கள். குதிரை தோலை அழுத்தாது. வந்ததும் எடுத்துவிட்டுக் குதிரை தோலின் நடுவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிபா, குசெங் இரண்டுக்கும் போலி நகங்களை விரலில் நாடாவால் சுற்றுவார்கள். வியர்வையில் வழுக்கும், உபரி நாடா இரண்டு சுருள் வாங்கி வையுங்கள், நாலைந்து வெள்ளிக்குமேல் ஆகாது.

---

ஒலிப்பலகை

120 பேருக்கு எட்டு வாத்தியம். சரியான இடத்தில் உட்கார வைத்தால் இசைக்கு மைக்கே வேண்டாம், பேசுபவருக்கு ஒன்று போதும்.

மண்டப மேடையில் ஏற்றாதீர்கள். பக்கத் திரைகளும் பின்திரையும் ஒலியைத் தின்றுவிடும், சான்ஷியனும் பிபாவும் முதல் வரிசையைத் தாண்டாது. தரையில், வெறுஞ்சுவர் ஒன்றுக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் வையுங்கள், பின்சுவர் ஒலியைத் திருப்பித் தள்ளும். முழங்கால் உயர மேடைப் பலகை கிடைத்தால் அதன்மேல். இல்லாவிட்டால் நாற்காலியை நீளவாக்கில் பத்து வரிசை போடாமல், மூன்று பக்கமும் வளைத்து ஐந்து வரிசைக்குள் முடியுங்கள். மேசையோரம் சொன்ன தேநீர் மேசைக்கு இது நெருக்கமாகவும் இருக்கும்.

உட்காரும் அமைப்பு குதிரைலாட வடிவம், குறுக்கே மூன்று முதல் மூன்றரை மீட்டர். அதைவிட அகன்றால் ஒருவரையொருவர் கேட்க முடியாது, நடத்துனர் இல்லாத குழுவுக்கு அது பெரிய இழப்பு. யாங்சின் பின் நடுவில். எர்ஹு இரண்டும் பார்வையாளருக்கு இடப்பக்கம். எர்ஹுவின் தோல் முகம் வாசிப்பவரின் வலமுன் பக்கம் திரும்பியிருக்கும். அவர் இடக்கோடியில் உட்கார்ந்து மையத்தைப் பார்த்தால் தோல் நேராக அரங்கை நோக்கும். வலப்பக்கம் போட்டால் சுவருக்கு வாசிப்பார். பிபாவும் சான்ஷியனும் யாங்சினுக்கு முன்னால், கிட்டே. டிஸியும் ஷெங்கும் வலக்கோடியில், இருப்பவற்றில் உரத்தவை இவை இரண்டும்தான். குபான் யாங்சினுக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி.

நாற்காலிக்குக் கை இருக்கக் கூடாது. பிபாவின் உடல் தொடையில் நிற்கிறது, எர்ஹுவின் வில் வலக்கைப் பக்கம் நீளும், இரண்டையும் நாற்காலிக் கை தடுக்கும். மன்றத்துப் பிளாஸ்டிக் நாற்காலி வளைந்து கொடுத்தால் எர்ஹு ஆடும். உறுதியான, தட்டையான இருக்கை எட்டு கேட்டு வாங்குங்கள்.

கட்டாயம் ஒலிபெருக்க வேண்டும் என்றால் (வெளியே சாலை இரைச்சல், மண்டபம் மிக நீளம்) ஆளுக்கொரு மைக் போடாதீர்கள். எட்டு மைக்கையும் ஒலிக்கட்டுப்பாட்டு மேசையில் இருப்பவர் சமன் செய்யத் தொடங்கினால், வாசிப்பவர்கள் விட்டுக்கொடுத்த இடத்தையெல்லாம் அவர் நிரப்பிவிடுவார். கண்டன்சர் மைக் ஒரு ஜோடி, குழுவுக்கு இரண்டு மீட்டர் முன்னால், இரண்டரை மீட்டர் உயரத்தில், கீழ்நோக்கி. பிபா, சான்ஷியன் இரண்டுக்கும் நடுவே துணைக்கு ஒன்று. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் குளிர்சாதன உறுமல் போகும். எதிரொலிப்பைச் சேர்க்காதீர்கள், யாங்சினுக்கு அதிர்வு ஏற்கெனவே தாராளம்.

டிஸி தனியாக வாசிப்பதாக இருந்தால் மைக் ஊதும் துளைக்கு நேரே கூடாது, காற்றுச் சத்தம்தான் வரும். சவ்வுக்கும் விரல் துளைகளுக்கும் எதிரே, ஒரு முழத்துக்குள். எர்ஹுவுக்குத் தோலுக்கு எதிரே 30 செ.மீ., சற்று ஓரமாக. மிகக் கிட்டே போனால் ரோசின் (வில்லில் தேய்க்கும் பிசின்) உரசல் கேட்கும்.

இன்னொன்று, இது ஒலிபெருக்கியால் தீராது. தேதியைப் பாருங்கள். சீன ஏழாம் மாதத்தில் பக்கத்துத் திடலில் கெத்தாய் (மேடைப் பாட்டு நிகழ்ச்சி) கூடாரம் போட்டால் லியாங்ஸியாவ் யாருக்கும் கேட்காது. பக்கத்துப் புளோக் கீழ்த்தளத்தில் துக்க வீடு இருந்தாலும் அப்படியே, அது மரியாதைப் பிரச்சினையும்கூட. எட்டாம் மாதம் இலையுதிர்கால நடுப்பகுதி விழாவை ஒட்டி வைத்தால் கூட்டமும் வரும்.

---

ஆறாம்சந்து

ஜியாங்னான் ஸிஜு அழகுதான். ஆனால் சிங்கப்பூர் சீன முதியவர்களில் ஹொக்கியன், தியோச்சியூ குடும்பங்களே அதிகம். அவர்கள் தாத்தா பாட்டி கேட்டது ஷாங்காய்த் தேநீர்க்கடை இசை அல்ல. ஹொக்கியன்காரர்களுக்கு நான்யின். அதை வளர்க்கும் சியோங் லெங் இசைச் சங்கம் இங்கே 1941இலிருந்து இருக்கிறது, யுனெஸ்கோ 2009இல் நான்யினைப் பட்டியலில் சேர்த்தது. தியோச்சியூக்காரர்களுக்கு அவர்களுடைய கம்பி இசை. ஒரே ஒரு உருப்படியாவது அங்கிருந்து வேண்டாமா? ஹான்யா ஸிஷுவெய், ‘குளிர்காலக் காகங்கள் நீரில் விளையாடுதல்’, எல்லாத் தியோச்சியூ வீட்டிலும் தெரியும்.

---

மேசையோரம்

ஆறாம்சந்து சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தக் குழுவின் கையில் கொடுக்காதீர்கள்.

தியோச்சியூ இசையில் ‘லேசான மூன்று-ஆறு’, ‘கனமான மூன்று-ஆறு’, ‘உயிருள்ள ஐந்து’ என்று சுர வகைகள் உண்டு. கனமான வகையில் நான்காவது, ஏழாவது சுரங்கள் பியானோவில் இருக்கும் இடத்தில் இருக்காது, ஒன்று சற்று ஏறியும் இன்னொன்று சற்று இறங்கியும் நிற்கும். உயிருள்ள ஐந்து என்பது நம் ரிஷப ஸ்தானத்துச் சுரம். நிலையாகவே நிற்காது, விரலால் அழுத்தி அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கமகம் என்று சொன்னால் நம்மவர்களுக்கு உடனே புரிந்துவிடும். சம சுருதியில் கட்டிய யாங்சினிலும் ஷெங்கிலும் அந்த இடங்களே கிடையாது. நீங்கள் சொன்ன ஹான்யா ஸிஷுவெய் கனமான வகை. இந்த எட்டுப் பேர் வாசித்தால் சுரம் ‘சரியாக’ இருக்கும், உருப்படி செத்திருக்கும். முதல் வரிசைத் தியோச்சியூப் பாட்டி முதல் அடியிலேயே முகம் சுளிப்பார்.

நான்யின் இன்னும் தனி. பிபாவையே கிடைமட்டமாகப் பிடிப்பார்கள், சுரக் குறிப்பும் வேறு. வேண்டுமானால் அதற்கென்று தனிக்குழுவை இன்னொரு நாள் அழையுங்கள், ஒரே மாலையில் ஒட்டுப் போடாதீர்கள்.

---

புளோக்12_வாசி

மிக்க நன்றி எல்லோருக்கும். மூன்று சந்தேகம். குழு எர்ஹுக் கலைஞர் அபிங்கின் அர்ச்சுவான் யிங்யுவே என்ற உருப்படியை வாசிக்க ஆசைப்படுகிறது, லியாங்ஸியாவுக்குப் பதில் வைக்கலாமா? மறு அழைப்புக்கு சாய் மா, பு பு காவ் இரண்டில் எது? மூன்றாவது, மன்றத்தில் மிருதங்கம் கற்கும் பையன் ஒருவன் இருக்கிறான், ஒரு உருப்படியில் சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள். தமிழ்த் தாளுக்கும் யாராவது கை கொடுங்கள்.

---

குழல்_சவ்வு

அபிங் உருப்படிக்கு எர்ஹுவே வேறு. அவர் வாசித்தது வழக்கமான டி, ஏ அல்ல, ஐந்து சுரம் கீழே, ஜி, டி. அதற்குத் தடித்த கம்பி போட்ட தனி எர்ஹு வேண்டும். இருக்கும் எர்ஹுவின் கம்பியைத் தளர்த்தி இறக்கினால் கம்பி தொங்கும், ஒலி அடங்கிப்போகும், திரும்ப ஏற்றினாலும் அன்றைக்கு நிலைக்காது. அப்படியொரு தனி எர்ஹு கிடைத்தால் வையுங்கள். சாதாரண சுருதியிலேயே வாசித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அந்தக் கனம் போய்விடும். அபிங் வாசித்ததை 1950இல் இசை ஆய்வாளர் யாங் யின்லியூ பதிவு செய்தார். எர்ஹுவில் மூன்று, பிபாவில் மூன்று, ஆக ஆறு உருப்படிகள்தான் நமக்கு மிஞ்சின. அதே வருடம் அபிங் இறந்துவிட்டார். அறிமுகத்தில் இவ்வளவு சொன்னால் போதும், கண்ணீர்க் கதை வேண்டாம்.

---

காப்பிக்கடைக்_கணக்கன்

மறு அழைப்பு பற்றி. இரண்டையும் எல்லோரும் நாட்டுப்புற இசை என்று நினைக்கிறார்கள், இரண்டுமே பெயர் தெரிந்தவர்கள் எழுதியவை. சாய் மா எழுதிய ஹுவாங் ஹாய்ஹுவாய் இறந்தது 1967, பு பு காவ் எழுதிய லியூ வென்செங் இறந்தது 1981. சிங்கப்பூரில் காப்புரிமை இறந்தபின் 70 வருடம். ஆகவே இரண்டுக்கும் இன்னும் உண்டு, நுழைவு இலவசம் என்றாலும். பொது இடத்தில் வாசிக்க, இசை உரிமங்களைக் கவனிக்கும் கம்பாஸ் அமைப்பிடம் அனுமதி வேண்டியிருக்கும். மன்றத்துக்கு ஏற்கெனவே ஆண்டு உரிமம் இருக்கிறதா, அது நேரடி நிகழ்ச்சிக்கும் பொருந்துமா என்று மன்ற அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். லியூ தியான்ஹுவா இறந்தது 1932, அபிங் 1950, அவர்கள் மெட்டுகளுக்குத் தொந்தரவு இல்லை. மொலிஹுவாவும் எட்டுப் பெரும் உருப்படிகளும் மரபு. ஆனால் குழு வைத்திருக்கும் தாள் யாராவது சமீபத்தில் பல வாத்தியத்துக்குப் பிரித்து எழுதியதாக இருந்தால் அந்த ஏற்பாட்டுக்கு உரிமை தனி. தாளின் மேல் மூலையில் பெயர் இருக்கும், பாருங்கள்.

எல்லை தாண்டி ஜொகூரிலிருந்து யாராவது எர்ஹுவோடு வருகிறார்களா? பாம்புத்தோல் அருகிவரும் உயிரின வணிக ஒப்பந்தத்தின் கீழ் வரும், மலைப்பாம்பு அதன் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. சீனாவில் வாங்கிய எர்ஹுவுக்கு 2005இலிருந்து பண்ணைப் பாம்பின் தோல் என்று சான்று வரும். அந்தச் சான்றைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள், அனுமதி விவரத்தை என்பார்க்ஸிடம் (தேசியப் பூங்காக் கழகத்திடம்) முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

---

மோகனப்பித்து

தமிழ்த் தாளுக்கு இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சீனக் குழுக்கள் எண்களில் சுரம் எழுதும். 1 2 3 4 5 6 7 என்றால் ச ரி க ம ப த நி. இந்த இசையின் முதுகெலும்பு 1 2 3 5 6, அதாவது ச ரி க ப த. மோகனம். அதே ஐந்து சுரத்தை வைத்துக்கொண்டு வேறு சுரத்தில் நின்றால் வேறு சாயல். 2இல் நின்றால் மத்தியமாவதி, 3இல் இந்தோளம், 5இல் சுத்த சாவேரி, 6இல் சுத்த தன்யாசி. நாம் கிரக பேதம் என்போம். அவர்கள் கோங், ஷாங், ஜுவே, ஜி, யூ என்று ஐந்துக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு இது பிடிக்கும், தாளில் ஐந்து வரி போதும்.

ஆனால் ‘இது மோகன ராகம்’ என்று எழுதாதீர்கள். சுர வரிசை ஒன்று, ராகம் அல்ல. 4உம் 7உம் வழிப்போக்கராக வந்துபோகும், ஒரே உருப்படியில் நிற்கும் இடமும் மாறும். அதனால்தான் மிக முக்கியமாக, சுருதிப் பெட்டியைப் போடாதீர்கள். நல்லெண்ணத்தில் யாராவது போனில் தம்புரா செயலியைத் திறந்துவிடுவார்கள். ஒரே சட்ஜம் தொடர்ந்து ஒலித்தால் மெட்டு எங்கே போய் நின்றாலும் காது அதை மோகனமாகவே அளக்கும், ஐந்து சாயலும் ஒன்றாகிவிடும்.

மிருதங்கம்: ஜோங்ஹுவாவிலும் ஸிங்ஜியேயிலும் வேண்டாம். அங்கே குபான்தான் தாளத் தலைவர், இரண்டு தலைவர் ஆகாது. மொலிஹுவாவின் கூடுதல் சுற்றில் சேர்க்கலாம், அங்கே குபான் ஓய்வெடுக்கட்டும். டியில் வாசிக்கிறார்கள் என்றால் மிருதங்கம் இரண்டு கட்டைச் சுருதி. பையன் எடுத்துவருவது ஐந்து கட்டை மிருதங்கமாக இருந்தால் இழுத்துப் பிடித்தாலும் சேராது, இப்போதே கேட்டுவிடுங்கள். தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) ஈர ரவையைக் குறைவாக அப்பச் சொல்லுங்கள், கும்கி (அந்தப் பக்கத்து ஆழ்ந்த ஒலி) அதிகமானால் சான்ஷியன் காணாமல் போகும். சொல் எளிமையாக, மெட்டு நீட்டும் இடத்தில் மட்டும் ஒரு சிறு நிரப்பல். தனி ஆவர்த்தனம் கிடையாது என்று அவனுடைய அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள்.

---

ஒலிப்பலகை

மிருதங்கம் வந்தால் குதிரைலாடத்துக்குள் உட்கார வைக்காதீர்கள், டிஸிக்குப் பின்னால் அரை மீட்டர் தள்ளி. வலந்தலை யாங்சினுக்கு நேரே திரும்பினால் கம்பிகள் தானாக அதிரும்.

மறந்துவிட்டேன்: சுரத்தாள்களைத் தாங்கியில் வைத்தால் போதாது, இரண்டு பக்கமும் கிளிப் போடுங்கள். குளிர்சாதனத் துளைக்கு நேர் கீழே முதலில் பறப்பது யாங்சின்காரரின் தாள், அவருக்கு இரண்டு கையிலும் குச்சி.